கிர்ஷ்னரின் பச்சைத் தெரு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணால் கண்டதை அப்படியே வரையாமல் உள்ளத்து உணர்ச்சியை மிகைப்படுத்தித் தீட்டிய ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இந்த விஷயத்தை யாராவது எழுதினாலே எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், அவர்கள் எல்லோரும் ஆலைப் புகையைக் கண்டு மிரண்டு நகரத்தையே வெறுத்தவர்கள் என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். அங்கேதான் இடிக்கிறது.

அவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் டிரெஸ்டன் நகரை விட்டு பெர்லினுக்குக் குடிவந்தது 1911-ல். 1913 முதல் 1915 வரை அவர் தீட்டிய தெருக்காட்சிகளில் ஆலையும் இயந்திரமுமா முன்னால் நிற்கின்றன? இறகு வைத்த தொப்பியோடு நிற்கும் பாலியல் தொழிலாளிகள், அவர்களைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்தது போன்ற கறுப்பு உடை ஆண்கள். மனிதரும் சரக்காகிப்போன ஊர் அது. அந்தத் தெருக்களிலேயே குறிப்பேட்டோடு அலைந்து கோட்டோவியம் போட்டவர் கிர்ஷ்னர். வெறுப்பு மட்டும் இருந்தவர் அப்படி அலைய மாட்டார்.

இன்னொரு எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியரான லுட்விக் மைட்னரையும் கட்டுரை அரைகுறையாகவே காட்டுகிறது. 1912-லிருந்து அவர் வரைந்த, வீடுகள் சரிந்து வானம் வெடிக்கும் ஓவியங்கள் முதல் உலகப் போருக்கு முன்னறிவிப்பு என்கிறார் கட்டுரையாளர். போர் வந்த பிறகு பார்ப்பவர்களுக்கு எதுதான் முன்னறிவிப்பு இல்லை! அதே மைட்னர் 1914-ல் பெருநகரை வரைவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். இரும்புப் பாலங்களையும் எரிவாயுத் தொட்டிகளையும் பரபரக்கும் தெருக்களையும் நம் சொந்த ஊராக நினைத்து வரையுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

இன்னொரு குறை, உங்கள் அச்சகத்தைப் பற்றியது. பெர்லின் சதுக்கம் ஒன்றைக் காட்டும் கிர்ஷ்னரின் 'போட்ஸ்டாமர் பிளாட்ஸ்' (1914) ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டி அளவுக்குப் போட்டிருக்கிறீர்கள். மூலம் 2 மீட்டர் உயரம். அதிலுள்ள இரண்டு பெண்கள் கிட்டத்தட்ட ஆள் உயரத்தில் நம் முன்னால் நிற்பார்கள். தெரு முழுக்கப் பச்சை, பின்னால் ரயில் நிலையம் சிவப்பு. சாலை நடுவிலிருக்கும் வட்டத் திட்டு தட்டாமாலை சுற்றுவது போலச் சரிந்திருக்கும். ஒருத்தியின் முகத்தில் விதவைகள் அணியும் கறுப்பு வலை. அது போர் தொடங்கிய ஆண்டு என்பதை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் இதெல்லாம் எங்கே தெரிகிறது? யாருக்கோ காத்திருக்கும் இரண்டு பெண்கள், அவ்வளவுதான்.

1937-ல் நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து கிர்ஷ்னரின் 600-க்கும் மேற்பட்ட படைப்புகளை அகற்றினார்கள். மறு ஆண்டே அவர் தற்கொலை செய்துகொண்டார். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பின் அட்டையை ஒரே ஒரு மாதம் நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுக்காமல், இந்த ஓவியத்தை வண்ணத்தில் வெளியிட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.