டீச்சரம்மாவுக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ‘மார்த்தாண்ட வர்மா’ படத்தைத் திரையிட்டு முடித்துவிட்டோம். அதற்கு முந்தின வாரம் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி எழுத மனசில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மண்டபம் கைவிட்டுப் போனதும் பள்ளிக்கூட ஹாலைத் திறந்துவிட்டவர்களுக்கு, ஜன்னலை மறைக்கக் கறுப்புத் துணி கொண்டுவந்த பந்தல்காரருக்கு, வாடகை வேண்டாம் என்று புரொஜக்டரோடு வந்து நின்ற தம்பிக்கு, கேட்டதும் ஹார்மோனியமும் தபேலாவுமாக வந்த இரண்டு பேருக்கு, நாற்காலி சுமந்த பிள்ளைகளுக்கு, செய்தியை ஊர் முழுக்கப் பரப்பியவர்களுக்கு எல்லாம் மனமார்ந்த நன்றி. தனித்தனியாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதியாக வேண்டும்.

1933-இல் எடுத்த மௌனப்படம் இது. கதையை நடத்திச் செல்வதே நடுநடுவே வரும் எழுத்து அட்டைகள்தான். அவை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழ் எழுத்து சேர்த்த பிரதி கடைசிவரை கைக்கு வரவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள், மீதியில் பாதி சின்னப் பிள்ளைகள். முதல் அட்டை வந்தபோதே ஹாலில் சலசலப்பு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மூன்றாவது வரிசையில் பேத்தியோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பேத்திக்கு மட்டும் மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ, “கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா” என்றார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கைப்பையைப் பேத்தியின் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டார். விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் என்று பிறகுதான் தெரிந்தது. மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். வகுப்பறையில் பழகிய குரல், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஒவ்வொரு அட்டைக்கும் ரெண்டே வரி. அட்டை போனதும் வாயை மூடிக்கொள்வார், மிச்சத்தைப் படமே சொல்லட்டும் என்பதுபோல. படத்துக்கு மூலமான சி. வி. ராமன் பிள்ளையின் நாவல் அவருக்கு மனப்பாடம். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மாவைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுவதெல்லாம் அடுத்து என்ன என்று தெரிந்துதான் நின்றார். ஆனாலும் ஒரு வார்த்தை முந்திக்கொள்ளவில்லை. இளவரசரைக் காப்பாற்ற வரும் பைத்தியக்காரனைப் பார்த்து ஒரு பையன், “அது யாரு பாட்டி?” என்று கத்தினான். “பொறு மக்கா, அவங்களே சொல்லுவாங்க” என்றார். ஹால் மொத்தமும் அவனோடு சேர்ந்து பொறுத்திருந்தது. இறந்துபோனதாக எல்லாரும் நினைத்த அனந்தபத்மநாபன்தான் அது என்று தெரிந்தபோது எழுந்த கைதட்டலை என்னால் மறக்க முடியாது. படம் முடியும்வரை டீச்சரம்மா உட்காரவே இல்லை. தண்ணீர் கொடுத்தபோது இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்தார், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி முழுக்கப் படத்தை எடுத்தவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலில் கம்பெனி தொடங்கி, பி. வி. ராவ் இயக்கத்தில் இதைத் தயாரித்தவர் ஆர். சுந்தர்ராஜ். அவருடைய உறவினர்தான் ஜே. சி. டேனியல். மலையாளத்தின் முதல் படமான, டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ படத்தில் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. சுந்தர்ராஜின் படத்துக்கோ நாவலின் உரிமையைச் சொல்லி வழக்கு வந்தது. திருவனந்தபுரத்தில் திரைக்கு வந்த வேகத்திலேயே படம் முடங்கி, பிரதி அந்த நாவலின் பதிப்பகத்தார் கைக்குப் போய்விட்டது. ஊர் ஊராக ஓட வேண்டிய படம் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கிடங்கில் கிடந்தது. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்தெடுத்த பி. கே. நாயர் 1974-இல் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திராவிட்டால் நமக்குப் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நாயர் இப்போது இல்லை. அவருக்கும் இந்த மடலிலேயே என் வணக்கம்.

பணத்தைக் கொட்டி எடுத்த படத்தைத் தன் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து ரசித்துப் பார்க்க வேண்டும் என்று சுந்தர்ராஜ் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்! அவருக்குக் கிடைக்காமல் போன அந்தக் கைதட்டலில் கொஞ்சத்தையாவது ஞாயிற்றுக்கிழமை நாம் கொடுத்தோம் என்றே நம்புகிறேன். அதைச் சாத்தியமாக்கியவர் சத்தமாகச் சொல்லுங்கள் என்றதற்கே எழுந்து போய் நின்ற டீச்சரம்மாதான். சரி, நன்றி சொல்லலாம் என்று போனால், “நல்ல கதையில்லா, புரியாமப் போனா பாவம்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

டீச்சரம்மா, இதை உங்கள் பேத்தி படித்துக் காட்டுவாள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நீங்கள் சொன்ன தமிழை, நீங்கள் சம்மதித்தால், உங்களோடு உட்கார்ந்து அட்டை அட்டையாக எழுதி வைக்கப் போகிறோம். தக்கலை, குழித்துறை, கருங்கல் என்று எங்கே யார் இந்தப் படத்தைப் போட்டாலும் அந்தத் தாள்களை அனுப்பி வைப்பது எங்கள் பொறுப்பு. எந்த ஊரில் திரையிட்டாலும் திரைக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க ஒருவரை ஏற்பாடு செய்யாமல் படத்தைத் தொடங்க மாட்டோம். இந்த வேலையை இந்த மாதமே தொடங்குகிறோம். மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் முன்வந்து பெயர் கொடுங்கள்.