சனிக்கிழமை ஆட்டமும் ஏற்றுமதி வணிகமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தால் திருப்பூர்ப் பின்னலாடைக்குக் கிடைக்கும் வரிச்சலுகை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வரியில்லாமல் அங்கே சரக்கு அனுப்பிவரும் வங்கதேசத்தோடு விலையில் நாம் சமமாக நிற்க அது உதவும் என்பது சரிதான். ஆனால் அங்குள்ள வணிகர்களோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு, கண்காட்சியில் ஸ்டால் போடுவது, தூதுக்குழு அனுப்புவது என்ற வழக்கமான இரண்டு பதில்களோடு கட்டுரை நின்றுவிட்டது. அங்குள்ள விளையாட்டுக் கிளப்பில் சேர்ந்து ஆடுவது என்று நான் கண்ட இன்னொரு வழியைப் பற்றி எழுத அனுமதி வேண்டுகிறேன்.

2021 முதல் 2023 வரை எங்கள் குடும்ப நிறுவனத்தின் பிரதிநிதியாக இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருந்தேன். ஒரு காலத்தில் நம் ஊரைப் போலவே பின்னலாடையால் வாழ்ந்த ஊர் அது. முதல் ஆறு மாதம் மின்னஞ்சல் அனுப்பியே கழிந்தது; பத்தில் ஒன்றுக்குக்கூடப் பதில் வரவில்லை. சனி, ஞாயிறுகளில் பொழுது போகாமல்தான் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கிரிக்கெட் கிளப்பில் சேர்ந்தேனே தவிர, வணிக யோசனை எதுவும் அப்போது இல்லை. என்னை மூன்றாம் அணியில் பதினொன்றாவது ஆட்டக்காரனாகப் போட்டார்கள். பதினைந்து வயதுப் பள்ளி மாணவன், குழாய் வேலை செய்பவர், ஓய்வை நெருங்கிய வழக்கறிஞர், லாரி கம்பெனி முதலாளி என எல்லாரும் அந்த அணியில் இருந்தார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் உண்டு. ஆடுவதற்கான கட்டணத்தை முதலாளியும் கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் ரோலர் இழுப்பதும், முடிந்த பின் எல்லைக் கயிற்றைச் சுருட்டுவதும் அவருக்கும் உண்டு.

இத்தகைய கீழ்நிலை ஆட்டங்களுக்குத் தனி நடுவர்கள் வருவது அரிது. மட்டை பிடிக்கும் அணியிலிருந்தே இருவர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நிற்பார்கள். முதல் பருவத்தில் ஒருநாள் அப்படி நான் நின்றபோது, எங்கள் அணித்தலைவரின் காலில் பட்ட பந்து நேராக நடு ஸ்டம்புக்குப் போவதைப் பார்த்து விரலை உயர்த்தி அவுட் கொடுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியேறினார். தேநீர் இடைவேளை வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று எதிரணியின் விக்கெட் கீப்பராக இருந்தவர் ஒரு குழந்தைகள் ஆடை இறக்குமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனிப்பவர் என்பது, ஆட்டம் முடிந்த பிறகு அவராகவே தட்டோடு என் அருகில் வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

அவருடைய நிறுவனத்துக்கு நாங்கள் இன்றுவரை ஒரு பனியன்கூட அனுப்பியதில்லை. ஆனால் 2022-இல் நூல் விலை தாறுமாறாக ஏறி, ஒப்புக்கொண்ட விலைக்குத் தைத்தால் நஷ்டம் என்ற நிலை வந்தபோது, என் நிலையைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன யோசனை எங்களைக் காப்பாற்றியது. விலையைக் கூட்டச் சொல்லிக் கேட்டால் எந்தக் கொள்முதல் அதிகாரியும் மறுத்துவிடுவார், சரக்குக்குப் பணம் தரும் 90 நாள் தவணையை 60 நாளாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதைக் கணக்குப் பிரிவு அளவிலேயே முடிவு செய்துவிடுவார்கள் என்றார். எங்கள் வாங்குநர் ஒருவரிடம் அப்படியே கேட்டோம், கிடைத்தது. 2016-இல் பி.எச்.எஸ்., 2021-இல் டெபன்ஹாம்ஸ் என்று பெரிய கடைத்தொடர்களே மூடிப்போன நாட்டில், யார் கையில் பணம் இருக்கிறது, யார் இழுத்தடிக்கிறார்கள் என்ற செய்தியை எந்தக் கண்காட்சியிலும் வாங்க முடியாது.

ஆட்டத்தின் வழியாகப் பழகுவதே மேல் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010-இல் வந்த லஞ்சத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, அங்குள்ள நிறுவனங்களில் பரிசு, விருந்து விஷயங்களில் விதிகள் கடுமையாக இருக்கின்றன. தீபாவளிக்கு நான் கொண்டுபோன இனிப்புப் பெட்டியையே ஓர் அலுவலகத்தில் வரவேற்பறையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவரவர் காசில் ஆடும் ஆட்டத்தில் யாரும் யாருக்கும் கடன்பட்டவர் ஆவதில்லை.

நம்மவர்கள் செய்யும் பிழை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வெளிநாடு போனதும் நம் ஊர்க்காரர்களைச் சேர்த்தே ஓர் அணி தொடங்கிவிடுகிறோம். ஊர் நினைப்புக்கு அது நல்லது. வணிகத்துக்கு அதனால் பயன் மிகக் குறைவு. ஒருவேளை வாங்குநர் நிறுவனத்தோடு நட்புமுறை ஆட்டம் ஏற்பாடு செய்தாலும், பேனர் கட்டி, அவர்களிடம் தோற்றுவிடும்படி நம் முதலாளிகளே சொல்லி அனுப்புவார்களோ என்ற ஐயமும் எனக்கு உண்டு!

எல்லாக் கிளப்களும் கைநீட்டி வரவேற்கும் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்து கிரிக்கெட்டில் இனம், வர்க்கம், பால் அடிப்படையிலான பாகுபாடு பரவலாக இருப்பதாக அங்கே அமைக்கப்பட்ட சுயேச்சையான ஆணையமே 2023 ஜூன் மாதம் அறிக்கை தந்தது. எனக்கும் முதல் கிளப்பில் இரண்டு மாதம் ஆடும் வாய்ப்பே தராமல் தண்ணீர் கொடுக்க மட்டும் வைத்திருந்தார்கள். நான் மேலே சொன்னது இரண்டாவது கிளப். ஆட்டம் முடிந்து மதுக்கூடத்துக்குப் போவதை எண்ணித் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: மூன்று பருவமும் ஆரஞ்சுச் சாறு குடித்தே காலம் தள்ளினேன், யாரும் பொருட்படுத்தவில்லை.

ஜெர்மனிக்கு ஆள் அனுப்புபவர்கள் கிரிக்கெட்டை நம்ப வேண்டாம். அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் கீழுள்ள சங்கங்களில் 70 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள்; சிற்றூர்களில்கூட ஒரு சங்கம் இருக்கும்.

ஏற்றுமதியாளர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு எதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஆட்டம் தொடங்கும் பகல் ஒரு மணி, கோடையில் நமக்கு மாலை ஐந்தரை. சனிக்கிழமை அந்த நேரத்தில்தான் திருப்பூரில் வாரச் சம்பளம் போடுவார்கள், கணக்கில் ஏதாவது சந்தேகம் வரும், உடனே லெஸ்டருக்குப் போன் போகும். அந்த ஒரு மாலை மட்டும் தங்கள் பிரதிநிதியின் கைப்பேசி மட்டைப் பைக்குள் கிடக்க அவர்கள் அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவர்,
திருப்பூர்.