சும்மா இருக்கும்போது வரும் நினைவுகள்

அன்புள்ள முத்துக்குமரனுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். உன் நலமும் வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆவல். மகளுக்கு வேலை உறுதியான செய்தியும், முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் மாலையில் நடக்கப் போகும் செய்தியும் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன. இங்கே சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். அதனால் வீட்டில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த பொருள்களெல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டன.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு நீ எழுதியிருந்ததைப் பற்றித்தான் விரிவாக எழுத நினைக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் மனம் அமைதியாக இருக்கும் என்று நம்பியதாகவும், அதற்கு மாறாக ஒன்றோடொன்று ஒட்டாத அற்ப நினைவுகள் நாள் முழுதும் வந்துகொண்டே இருப்பதாகவும், புத்தி தளர்கிறதோ என்ற ஐயம் எழுவதாகவும் எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயது கூடக்கூட மனம் அலைபாய்வது குறைகிறது என்றே பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பும் உன் மனம் அலைந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதைக் கவனிக்க அலுவலகம் உனக்கு நேரம் கொடுத்திருக்காது.

என் மனம் மட்டும் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. நேற்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அது போன வழியை, உனக்கு எழுதவேண்டும் என்பதற்காகவே உடனே குறித்துவைத்தேன். மேலிருந்து இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. பொத்தானிலிருந்து ஊசி நூல் வைக்கும் டப்பா. அதில் இருக்கவேண்டிய கத்தரிக்கோல். அதைக் கடைசியாக எடுத்தது யார் என்ற விசாரணை. விசாரணை என்றதும் நம் தலைமையாசிரியர். அவருடைய மேசையின் ஒரு காலுக்கு அடியில் மடித்துச் செருகியிருந்த அட்டை. உடனே, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் ஆடுகிறதே என்ற கவலை. ஒரு கையைத் தேய்த்து முடித்து மறு கையைத் திருப்பிப் போடுவதற்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. பொத்தானை இன்னும் தைக்கவில்லை.

இது நம் இருவருக்கு மட்டும் வாய்த்த குறையும் அன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைபேசி வழியாக, நாளின் வெவ்வேறு நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அந்த வேலையில் இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்ட நேரங்களில் 46.9 விழுக்காடு, செய்துகொண்டிருந்த வேலையில் அவர்கள் மனம் இல்லை. அலையும் மனம் மகிழ்ச்சியற்ற மனம் என்று அவர்கள் அதற்குத் தலைப்பிட, அது மட்டும் உலகம் முழுதும் பரவிவிட்டது. உள்ளே படித்தால் செய்தி அவ்வளவு கடுமையாக இல்லை. மனம் விலகிப்போன நேரங்களில் ஏறக்குறைய 43 விழுக்காடு இனிய விஷயங்களுக்கே போயிருக்கிறது; அப்போது அவர்களுடைய மகிழ்ச்சி, கையிலுள்ள வேலையில் மனம் ஒன்றியிருந்தபோது இருந்த அளவிலேயே இருந்திருக்கிறது. வருத்தமான நினைவுகளும், இரண்டிலும் சேராத வெறும் நினைவுகளுமே மகிழ்ச்சியைக் குறைத்திருக்கின்றன. ஆகவே மனம் அலைகிறதே என்று கவலைப்படுவதைவிட, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் பயனுள்ளது என்பது என் கருத்து.

சும்மா இருக்கும்போது மூளையும் சும்மா இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். மார்க்கஸ் ரெய்க்ல் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2001ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், நாம் ஒரு குறிப்பிட்ட வேலையில் கவனத்தைச் செலுத்தும்போது மூளையின் சில பகுதிகளின் இயக்கம் குறைவதையும், வேலை முடிந்து ஓய்ந்திருக்கும்போது அதே பகுதிகள் மீண்டும் சுறுசுறுப்படைவதையும் எடுத்துக்காட்டினார்கள். கடந்ததை அசைபோடுவதும், வரப்போவதைக் கற்பனை செய்வதும், அடுத்தவர் என்ன நினைப்பார் என்று ஊகிப்பதும் பெரும்பாலும் இந்தப் பகுதிகளின் வேலையே. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. நீ கணக்குப் போட்டாலும் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தாலும் அந்தச் செலவில் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியானால் அந்த நினைவுகள் எதைப் பற்றி வருகின்றன? அவை தற்செயலாக வருவதாகத் தோன்றினாலும், ஒரு நாள் பொறுமையாகக் குறித்துப் பார்த்தால், பெரும்பாலானவை முடியாத காரியத்தையோ சொல்லாமல் விட்ட சொல்லையோ சுற்றிக்கொண்டிருப்பதைக் காணலாம். என் பொத்தான் கதையும் கடைசியில் ஆடும் மேசையில்தான் போய் நின்றது. பெர்லினில் ஆய்வு செய்த புளூமா ஜைகார்னிக் 1927ஆம் ஆண்டிலேயே, பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள், முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று எழுதினார். பின்னாளில் பிறர் செய்து பார்த்த சோதனைகள் எல்லாவற்றிலும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எனினும் முடியாத காரியம் மனத்தை அரிப்பதை அறிய நமக்குச் சோதனைச்சாலை தேவையில்லை. அமெரிக்காவில் மாசிகம்போவும் பாமைஸ்டரும் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைவிடப் பயன்பட்டது: காரியத்தை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே அந்தத் தொல்லை அடங்கிவிடுகிறதாம்.

சொல்லாமல் விட்ட சொற்களின் கதை இன்னும் சுவையானது. நான் குளிக்கும்போது நடத்தும் வாக்குவாதங்களை நீ கேட்டால் என்னைப் பெரிய வழக்குரைஞர் என்றே நினைப்பாய். கூட்டத்தில் ஒருவர் குத்தலாக ஏதோ சொல்ல, வாயடைத்து வீடு திரும்பி, மூன்று நாள் கழித்து அவருக்கு நான் தரும் பதில்தான் எவ்வளவு கூர்மை! என் கற்பனையில் அவர் குறுக்கே பேசுவதே இல்லை. நான் முடிக்கும்வரை தலைகுனிந்து நிற்கிறார். கடைசி வாக்கியத்தைச் சற்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலும், வெளியே மனைவி, "யாரோடு சண்டை?" என்று கேட்டாள். இதில் தீங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே வாக்குவாதம் ஒரு சொல்லும் மாறாமல் நாள்தோறும் திரும்ப வந்தால்தான் அந்த மனிதரிடம் நேரில் பேசிவிடுவது நல்லது.

இனி, உன்னை இன்னமும் உறுத்துவதாக நீ எழுதியிருந்த ஆண்டு விழாச் சம்பவத்துக்கு வருகிறேன். சிறப்பு விருந்தினரின் பெயரை மேடையில் மாற்றிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது என்கிறாய். அந்த விழாவில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மழை வந்தது நினைவிருக்கிறது. ஒலிபெருக்கி இடையில் நின்றது நினைவிருக்கிறது. நீ பெயரை மாற்றிச் சொன்னது, உன் கடிதத்தைப் படித்த பிறகும் நினைவுக்கு வரவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு சோதனையில், கூச்சம் தரும் படம் போட்ட பனியனை ஒரு மாணவருக்கு அணிவித்து, பலர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்பங்கு அளவுதான். மற்றவர்கள் அவரவர் பனியனைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். பழக்கத்தில் கை தானே பூட்டிவிடுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது, அதனால் பூட்டியது நினைவில் பதிவதில்லை. சாவியைத் திருப்பும்போது "பூட்டிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற கவலைக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன்.

நினைவுகளை வலிந்து அடக்கும் முயற்சியை மட்டும் நீ விட்டுவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த நேரத்துக்குள்ளேயே கரடி திரும்பத் திரும்ப வந்தது. நினைக்கலாம் என்று அனுமதி கிடைத்த பிறகு, தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அவர்களுக்கு அது அதிகமாக வந்தது. நீ கண்ணை இறுக மூடிக்கொண்டு போராடுவதால் தூக்கம்தான் இன்னும் தள்ளிப்போகும்.

இரவுக்கு வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன். மைக்கேல் ஸ்கல்லினும் அவருடைய குழுவினரும் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம், வரும் நாள்களில் செய்யவேண்டிய வேலைகளைக் காகிதத்தில் எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கிவிட்டார்கள். பட்டியல் விரிவாக இருந்தால் இன்னும் நல்லதாம். 57 இளைஞர்களிடம் மட்டுமே செய்த ஆய்வு இது. நம் வயதுக்கு எப்படிப் பொருந்தும் என்று நாமே பார்க்கவேண்டியதுதான். நான் செய்து பார்க்கிறேன், ஓரளவு பலன் தெரிகிறது. மேசைக்காலுக்கு அட்டை வைப்பது என் பட்டியலில் ஏறிவிட்டது. உன் பட்டியலில் முதலில், பல மாதங்களாக ஒத்திப்போடும் கண் பரிசோதனையை, நாளும் நேரமும் குறித்து எழுது.

மகளுக்கு என் ஆசியைச் சொல். அவள் எந்தத் தேதியில் பணியில் சேர்கிறாள் என்று நீ எழுதவே இல்லை. மறக்காமல் தெரிவி, அன்று தொலைபேசியில் அழைத்து அவளோடு பேசவேண்டும்.

அன்புடன்,
ராகவன்