திண்ணைக் கற்களைப் பற்றிப் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது, மேஸ்திரி வியாழக்கிழமை வேலையை ஆரம்பிக்கிறார். போனில் நீ சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றேன். ஆனால் திண்ணையில் கிடக்கிற கல்லையெல்லாம் அஸ்திவாரக் குழியில் கொட்டிவிடச் சொன்னாயே, அதற்கு மட்டும் என் மனசு ஒப்பவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 31 வருஷம் டிப்பர் ஓட்டினேன். முதல் பத்து வருஷம் எனக்குக் கல் என்றால் டன் கணக்குதான். ஒரு நாள் வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகள் சுரங்கம் பார்க்க வந்தார்கள். கூட வந்த பேராசிரியர் என் வண்டிச் சக்கரத்தடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்து, "இது சிப்பி அண்ணே, சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் உயிரோடு இருந்தது" என்றார். அப்புறம்தான் சுரங்கச் சுவரையே உற்றுப் பார்த்தேன். அடுக்கு முழுக்கச் சிப்பி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், நான் இத்தனை நாளும் கடலைத்தான் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன் என்று.

அந்தப் பேராசிரியர் சொல்லிக் கொடுத்ததை உனக்கும் சொல்கிறேன். வெயிலும் மழையும் மேற்கே இருந்த பழைய பாறையை அரித்தன. ஆறு அதை உருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டம் தளர்ந்த இடத்தில் கனமான கூழாங்கல்லும் மணலும் முதலில் இறங்கின. களி மட்டும் தண்ணீரில் மிதந்து வெகு தூரம் போய், அலை அடிக்காத ஆழத்தில் மெல்லப் படிந்தது. மேலே மேலே படிய, அடியில் இருந்தது நசுங்கி, ஊறிய நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு பசை மாதிரி இறங்கிக் கெட்டியாகிவிட்டது. ஆகவே கல்லைத் தொட்டாலே தண்ணீர் எப்படி இருந்ததென்று தெரியும். நறநறவென்றிருந்தால் கரைப் பக்கம், மாவு மாதிரி இருந்தால் அமைதியான ஆழம். சிப்பிகள் உடைந்து குவிந்திருந்தால் அலை புரட்டியிருக்கிறது. இரண்டு ஓடும் மூடியபடியே இருந்தால், இருந்த இடத்திலேயே சட்டென்று புதைந்திருக்கிறது.

நம் பக்கத்து அடுக்குகள் கிழக்கே சரிந்து கிடக்கின்றன. காரை கிராமத்திலிருந்து அரியலூர் வழியாகச் செந்துறைப் பக்கம் போனால், பழைய கல்லிலிருந்து புதிய கல்லுக்குப் போகிறோம். 1860-களிலேயே பிளான்ஃபோர்டு என்கிற ஆங்கிலேயர் இவற்றை ஊத்தத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்துப் பேர் வைத்துவிட்டார். ஊத்தத்தூர் என்றால் நமக்கு ஒரு பஸ் ஸ்டாப். கல் படிக்கிறவர்களுக்கு அது உலகம் அறிந்த பெயர் என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

திண்ணையில் தோட்டா மாதிரி நீளமாக இருக்கிறதே, சின்ன வயசில் நீ கரும்பலகையில் கிறுக்குவாயே, அது காரை ஓடையில் எடுத்தது. பெலெம்னைட் என்று பேர், கணவாய் மீனுக்கு உறவான ஒரு கடல் உயிரின் உள் ஓடு. வயது சுமார் பத்துக் கோடி வருஷம். அந்தக் களிமண் மேட்டில் இன்றைக்கு ஆடு மேய்கிறது. களி வெடிப்புகளில் ஜிப்சம் தகடு தகடாகப் பளபளக்கும். கடல் வற்றி உப்பு பூத்தது என்று நான் நினைத்திருந்தேன். அது இல்லையாம், பின்னாளில் வெடிப்பு வழியே இறங்கிய நீர் விட்டுப்போனதாம். கல் சொல்வதைத் தப்பாகவும் படித்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சாத்தனூர் கல்மரத்தை உனக்கு நினைவிருக்கும், அதன் மேல் ஏறக்கூடாதென்று அதட்டினேன். 18 மீட்டர் நீளம். 1940-இல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்கிற கல் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார். கடலில் படிந்த அடுக்குக்குள் மரம் கிடக்கிறது என்றால், கரை பக்கத்தில் இருந்திருக்கிறது, காடு இருந்திருக்கிறது, வெள்ளம் அதைப் பெயர்த்துக் கடலில் தள்ளியிருக்கிறது. இவ்வளவும் ஒரே ஒரு மரம் சொல்லும் சாட்சி.

இன்னும் கிழக்கே கல்லமேட்டில் சிப்பி இல்லை, ஆற்று மணல் வந்துவிடுகிறது. கடல் பின்வாங்கிவிட்டது. அங்கே கிடைத்த ராட்சத டைனோசர் எலும்புக்கு 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பேர் வைத்தார்கள். முதலில் புலால் தின்பது என்றார்கள், பிறகு நீளக் கழுத்துள்ள இலைதின்னி என்றார்கள். சரிபார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை, உதிர்ந்து தூளாகிவிட்டது. படங்கள்தான் மிச்சம். நீ குழியில் கொட்டச் சொன்னபோது என் மனசில் ஓடியது அதுதான், பாப்பா.

உன் புனேயிலும் கல்லுக்குப் பஞ்சமில்லை, தெரியும். ஆனால் அந்தக் கருங்கல் எரிமலைக் குழம்பு ஆறி வந்தது, அதில் சிப்பி தேடினாலும் கிடைக்காது. அந்தக் குழம்பு பொங்கியது சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால். கல்லமேட்டு மிருகங்கள் அடியோடு அழிந்த காலமும் அதுதான். அதற்குப் பிறகு கடல் மறுபடி ஏறி வந்து, நின்னியூரில் புதுச் சுண்ணாம்புக்கல்லைப் படியவிட்டது. உன் ஊர்க் கல்லும் நம் ஊர்க் கல்லும் ஒரே காலத்தை இரண்டு விதமாகப் பார்த்திருக்கின்றன. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

மேஸ்திரி கொண்டுவரும் சிமெண்டும் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுட்டு அரைத்ததுதான். சிப்பி உருவமெல்லாம் அதிலே போய்விடும். வீட்டுக்கு அது போதும், இவை முழுசாக இருக்கட்டும்.

கல்லையெல்லாம் கழுவி, எது எங்கே எடுத்தது என்று சீட்டு ஒட்டிப் பழைய நெல் குதிருக்குள் வைத்துவிட்டேன். எடுத்த இடம் தெரியாவிட்டால் பாதிக் கதை போய்விடும். பெரிய நத்தைச் சுருளை மட்டும் வாரணவாசி அருங்காட்சியகத்தில் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்? பொங்கலுக்கு வரும்போது பேரனுக்கு ஒரு பழைய செருப்பு எடுத்து வா. காரைக் களி ஒட்டினால் லேசில் போகாது.

அன்புடன்,
அப்பா