முதல் சாய்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிப்பவர்கள் எந்தப் படிப்பை எடுக்கலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் வேறு. அரூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பொறியியல் கலந்தாய்வு சமயத்தில் வாசல்வரை ஆள் நிற்கும். கணக்கில் 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி என்று 200-க்குக் கட்-ஆஃப் போடத் தெரியாத பிள்ளையே இல்லை. அந்தக் கட்-ஆஃபை வைத்துக்கொண்டு, விரும்பும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்திக் கலந்தாய்வில் கொடுக்கும் பட்டியலை எழுதத் தெரிந்த பிள்ளைதான் அபூர்வம்.

சென்ற ஆண்டு ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். அவளுக்கு ஓர் அரசுக் கல்லூரியில் இ.இ.இ. என்ற மின் பொறியியல் பிரிவு படிக்க ஆசை. அப்பா விடவில்லை. "கெடைக்காதத மேல போட்டு என்னா சார் பண்றது? கெடைக்கறத மொதல்ல போடுங்க" என்றார். வீட்டுக்குப் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரி முதலிடத்துக்கு வந்தது, அதுவே கிடைத்தது. அவளைவிடக் கட்-ஆஃப் குறைந்த, அதே இனத்துத் தோழி ஒருத்தி, அவள் ஆசைப்பட்ட அந்த இடத்தில் இப்போது படிக்கிறாள்.

கம்ப்யூட்டருக்கு மனிதரின் கணக்கெல்லாம் தெரியாது. ரேங்க் வரிசையில் ஒவ்வொருவர் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்க்கும். உங்கள் முறை வரும்போது எதில் இடம் இருக்கிறதோ, அதில் முதலாவதைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடும். அதற்குக் கீழே நீங்கள் எழுதியதை அது படிப்பதே இல்லை. எட்டாத கல்லூரியை மேலே எழுதினால் அது தாண்டிப் போகும், அவ்வளவுதான். ரேங்க் குறையாது, அபராதமும் இல்லை. ஆகவே ஆசைப்படுவது மேலே, கிடைக்கும் என்று நம்புவது நடுவே, கட்டாயம் கிடைக்கும் என்பது கடைசியில். இதை எத்தனை தடவை சொன்னாலும் அப்பாமார்கள் தலையாட்டிவிட்டு மறுபடியும் தலைகீழாகவே போடச் சொல்கிறார்கள்.

எத்தனை கல்லூரி எழுதுவது? உச்சவரம்பு கிடையாது. முன்பெல்லாம் ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள். 2018-ல் ஆன்லைன் வந்ததிலிருந்து பஸ் செலவு மிச்சம். ஆனால் எது மீதி இருக்கும் என்று ஊகித்து எழுத வேண்டியிருக்கிறது. ஊகம் என்றால் பட்டியல் நீளமாக இருக்கத்தான் வேண்டும். 2019-ல் கடையில் கூட்டம் நெருக்க, நானே ஒரு பையனுக்கு ஏழு சாய்ஸோடு முடித்து அனுப்பினேன். அந்தச் சுற்றில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த சுற்றுக்குப் போனபோது நல்லதெல்லாம் போய்விட்டிருந்தது. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. அதன் பிறகு ஐம்பதுக்குக் குறைந்து நான் யாருக்கும் முடிப்பதில்லை.

எந்தக் கல்லூரியில் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற முந்தைய ஆண்டுகளின் பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. பார்க்க வேண்டியது உங்கள் இனத்துக்கான கட்டத்தை. ஓ.சி. என்ற பொதுப் பிரிவுக் கட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய் நல்ல கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்தவர்கள் நிறையப் பேர். கல்லூரிப் பெயரை நம்பாமல் அதன் கலந்தாய்வுக் கோட் எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் ஓர் எழுத்து மாறிய கல்லூரிகள் பல உண்டு. என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறது என்று விளம்பரத்தில் கண்டால், எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். அது கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுப்பதல்ல, பாடப்பிரிவுக்குக் கொடுப்பது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கும் செட்டிக்கரையும் பர்கூரும் சேலமும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரம்தான். வேலை நாளில் போய், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேன்டீனில் பத்து நிமிடம் பேசினால் போதும்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. ரிசல்ட் வந்த வாரமே புரோக்கர்கள் வீடு தேடி வந்துவிடுகிறார்கள். "கவுன்சிலிங்கெல்லாம் வேஸ்ட், சீட் போயிடும்" என்று பயமுறுத்தி, முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் வாங்கிக்கொண்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடுகிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதலாவதாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு. இரண்டுமே கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். இலவசமாகக் கிடைக்க வேண்டிய படிப்புக்கு ஆட்டையும் மாட்டையும் விற்றுக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. கேட்டால் "அதெல்லாம் எங்களுக்கு இல்ல" என்பார்கள். வாக்குவாதமே வேண்டாம், முதலில் கொடுக்காதீர்கள்.

பாஸ்வேர்டும் அப்படித்தான். என்னைப் போன்ற கடைக்காரனிடமும் சொல்லாதீர்கள், நீங்களே தட்டுங்கள். ஓ.டி.பி. போகும் எண் அப்பாவுடையதாகவோ உங்களுடையதாகவோ இருக்கட்டும். வேறொருவர் கையில் இருந்தால், நீங்கள் எழுதிய வரிசை ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடும். கடைசியாக உறுதிசெய்து பூட்டிய பட்டியலை ஒரு பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் வந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. 'இதை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் மேலே எழுதியதற்காகக் காத்திருக்கிறேன்' என்று கொடுத்தால், மேலே உள்ளது கிடைத்ததும் பழையது தானாகப் போய்விடும். திரும்பிப் போக முடியாது. ஆகவே கையில் இருப்பதைவிட உண்மையாகவே பிடித்தது மட்டும்தான் மேலே இருக்க வேண்டும். இடத்தை ஏற்றுக்கொண்டால் சொன்ன நாளுக்குள் பணம் கட்டிவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால், இதையும் சேர்த்துப் போடுங்கள்: முதல் பட்டதாரி சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இல்லாதவர்கள் தேர்வு முடிந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடட்டும். கடைசி நாளில் அதற்காகத் தாலுகா ஆபீசுக்கு ஓடுபவர்களைப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.