அகப்பையும் வழிச்சீட்டும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அந்தக் காலத்து ஜப்பானில் கையில் காலணா இல்லாத வேலைக்காரப் பையன் ஈசே என்ற ஊரின் பெருங்கோயில் வரை எப்படிப் போய்த் திரும்பினான் என்று கேட்டிருக்கிறாய். எதோ நகரிலிருந்து (இன்றைய டோக்கியோ) போவதற்கே 15 நாள் நடை. நியாயமான கேள்விதான்.

முறைப்படி போக வழிச்சீட்டு வேண்டும். ஊர்த்தலைவரோ உள்ளூர்க் கோயிலோ எழுதித் தருவார்கள். செலவுக்கு 'ஈசே-கோ' என்ற குலுக்கல் சீட்டு. ஊரார் சேர்ந்து பணம் போடுவார்கள். பெயர் விழுந்தவர் எல்லோருக்குமாகப் போய் வருவார். வேலையாட்களுக்கும் சிறுவர்களுக்கும் அதில் பெரும்பாலும் இடமில்லை. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார்கள். இதற்கு 'நுகெ-மாயிரி', நழுவிப்போகும் யாத்திரை என்று பெயர். கோயில் காப்புச்சீட்டோடு திரும்பினால் முதலாளி தண்டிக்காமல் விடுவது வழக்கம்.

1830-ஐப் பார். அந்த வருஷம் ஈசேக்குக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். ஷிகோகு தீவின் அவா என்ற பகுதியில் தொடங்கியது, சில மாதங்களில் 40 லட்சம் பேரைத் தாண்டியது. நாட்டின் ஜனத்தொகையே சுமார் 3 கோடிதான்! ஆளுக்கொரு நீளக்காம்பு மர அகப்பை. அதை நீட்டினால் சோறோ காசோ விழும். ஈசேயின் இரண்டு முக்கியக் கோயில்களில் ஒன்றான வெளிக்கோயிலின் வடக்கு வாசலில் அகப்பையைப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

விலைவாசியைக் கேள். அந்தக் கூட்டத்தால், ஒசாகாவில் 13 மோன் (அக்காலச் செப்புக்காசு) விற்ற வைக்கோல் செருப்பு 200 மோன் ஆனது. கியோட்டோவில் 16 மோன் அகப்பை 300. வைக்கோல் செருப்பு ஓரிரு நாள் நடையிலேயே பிய்ந்துவிடும், புதுசு வாங்கித்தான் ஆகவேண்டும். அதனால்தான் பணக்கார வியாபாரிகள் செய்த 'செக்யோ' என்ற தானத்தில் சோற்றோடு செருப்பும் இருந்தது. நடக்கமுடியாதவர்களுக்குப் பல்லக்கும் கொடுத்தார்கள். புண்ணியம் தேடிச் செய்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பசித்த கூட்டம் ஆயிரக்கணக்கில் தெருவில் நிற்கும்போது, அரிசி மூட்டைகளை அடுக்கிவைத்திருப்பவனுக்குப் பயமும் இருந்திருக்கும். அந்தத் தானத்தில் பாதி, கடை உடைபடாமல் இருக்கக் கொடுத்த விலை என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் பணத்தைவிட, வேலைக்கு ஆளில்லாமல் போனதுதான் முதலாளிகளை உறுத்தியது. 1771-இலும் இப்படி ஒரு பெருங்கூட்ட யாத்திரை நடந்தது. அந்த வருஷம் நான்காம் மாதம் கியோட்டோவுக்குப் பக்கத்து உஜியிலிருந்து பெண்களும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் ஈசேக்கு வந்து சேர்ந்தது, வேலை செய்துகொண்டிருந்த உடுப்போடு அப்படியே. உஜி தேயிலைக்குப் பேர்போன ஊர்; அது கொழுந்து பறிக்கும் பருவம். பறிக்கவேண்டிய கைகள் ஈசே சாலையில் இருந்தன.

அன்புடன்,
ராகவன்