தேக்கா ஐந்தடிப் பாதையில் நடக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரில் தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தின் சிராங்கூன் சாலை ஒளியூட்டைப் பற்றியும் விற்பனையைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். ஆனால், அங்கு வருவோர் கால்வைத்து நடக்கும் ஐந்தடிப் பாதையின், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைவழியின், நிலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

1822ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு வழங்கிய அறிவுறுத்தல்களில், ஒவ்வொரு வீட்டின் முன்பும் தாழ்வாரம் அமைய வேண்டும் என்றும், அது தெருவின் இரு பக்கமும் தொடர்ச்சியாக, கூரையுடன், எந்நேரமும் திறந்திருக்கும் வழியாக இருக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டிருந்தார். கடைக்காரர் அதைத் தம் கடையின் பகுதியாகவும் நடப்பவர் பொதுவழியாகவும் கருதியதால் பூசலும் அப்போதே பிறந்துவிட்டது. 1888இல் நகராட்சி அந்தத் தாழ்வாரங்களைக் காலிசெய்ய முற்பட்டபோது கலவரமே மூண்டது. ஆகவே இந்தச் சிக்கலை இன்றைய கடைக்காரர்கள் உண்டாக்கியதாகச் சொல்வது நியாயமாகாது.

கடைக்கு வெளியே சரக்கே இருக்கக்கூடாது என்பதும் என் வாதமன்று. மல்லிகைச் சரமும், வாழையிலைக் கட்டும், வெற்றிலையும் பாதையோரத்தில் இருப்பதால்தான் தேக்கா தேக்காவாக இருக்கிறது. அவற்றை உள்ளே தள்ளிவிட்டால் குளிரூட்டிய பேரங்காடிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வட்டித்தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் (தொழிலிடமும் தங்குமிடமும் சேர்ந்தவை) இருந்த மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்களைத்தான் காண்கிறோம். லிட்டில் இந்தியா 1989இல் மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால் இங்குள்ள கடைவீடுகள் (கீழே கடையும் மேலே வீடுமான பழைய கட்டடங்கள்) தப்பின.

என் குறையெல்லாம் பூக்கடையைப் பற்றியதன்று, பிரித்து அடுக்கப்படாமல் நாள் முழுவதும் கிடக்கும் அட்டைப் பெட்டிகளையும், வழியை அடைத்து நிற்கும் தள்ளுவண்டிகளையும் பற்றியது. அடுத்தடுத்த கடைவீடுகளின் தரைமட்டம் ஒன்றுபோல் இல்லாததால் சில இடங்களில் ஒரு படியும் சில இடங்களில் இரண்டு படிகளும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. கைத்தடியுடன் வரும் என் அத்தை அந்தப் படிகளைக்கூடச் சமாளித்துவிடுவார். படியருகே பெட்டிகள் இருந்தால் பேருந்து ஓடும் சாலை ஓரத்தில் இறங்கித்தான் நடக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அதுவும் முடியாது. 2003இல் திறக்கப்பட்ட லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மின்தூக்கியில் மேலே வந்து, தேக்கா நிலையச் சந்தையில் காய்கறி வாங்கும்வரை இல்லாத தொல்லை, சாலையைக் கடந்து கடைவரிசைக்கு வந்ததும் தொடங்குகிறது. தீபாவளி பெரும்பாலும் மழைக்காலத்தையொட்டி வருவதால், கூரையுள்ள ஒரே வழி அடைபட்டிருப்பது அப்போது இன்னும் உறைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும் ஊழியர் கடைத்தெருவுக்கு வருவதில் தவறென்ன? கூட்டம் வரும் என்று தெரிந்த நாளில் பாதையில் பெட்டி அடுக்காமல் இருப்பதே முறை.

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் தரையை இடித்துச் சமப்படுத்துவது எளிதன்று என்பதை அறிவேன். ஆனால், தேவைப்படும்போது விரித்துப் பின் எடுத்துவைக்கும் சாய்தளப் பலகைகளுக்கு இடிப்பு வேலை எதுவும் தேவையில்லை. இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். சரக்கு எதுவரை இருக்கலாம் என்று தரையில் ஒரு கோடு வரைந்துவிட்டால் வாடிக்கையாளரும் கடைக்காரரும் வாக்குவாதம் செய்ய வேண்டியிராது. சரக்கு இறக்குவதைக் காலை நேரத்துக்குள் முடித்துக்கொள்ள உடன்பட்டால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் மற்றும் மரபுடைமைச் சங்கமும் நிலப் போக்குவரத்து ஆணையமும் சேர்ந்து, முதலில் சிராங்கூன் சாலையில் கேம்பல் லேன் முனையிலிருந்து அப்பர் டிக்சன் ரோடு வரையிலான பகுதியில் மட்டும் இதை முயன்று பார்க்கலாம். தீபாவளிச் சந்தை தொடங்குமுன் அதைச் செய்தால், முதியவர்களை எந்த நேரத்தில், எந்தப் பக்கமாக அழைத்து வரலாம் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகவே மக்களுக்கு அறிவித்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்